பழைய வண்டியின் விலையும் மறைந்த குறையும்

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பழைய வண்டி வாங்குவோரில் பலர் பிழைப்புக்காகவே வாங்குகின்றனர். சிப்காட் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிள், காய்கறி ஏற்ற ஒரு லோடு ஆட்டோ, சவாரி ஓட்ட ஒரு வேன். அடிபட்ட வண்டியை நல்ல வண்டியின் விலைக்கு அவர் தலையில் கட்டினால் பணம் மட்டுமா போகிறது? பிழைப்பும் போகிறது, சில வேளை உயிரும் போகிறது. எனவே விற்பவர், வாங்குபவர், தரகர் ஆகிய மூவரும் இந்த மஸ்அலாவை அறிந்திருப்பது அவசியம்.

குறை எது?

வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே ‘ஐபு’ என்பது ஃபுகஹாக்களின் அளவுகோல். கதவில் உள்ள கீறலும் தேய்ந்த டயரும் கண்ணுக்குத் தெரிபவை. பார்த்தே பேரம் பேசலாம். சேஸிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டதும், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததும் அப்படியல்ல. “ரிப்பேர் செய்துவிட்டேனே” என்பது இங்கே சாக்காகாது. ரிப்பேருக்குப் பிறகும் சந்தை அதற்குக் குறைந்த விலையே தருமானால் அது சொல்லியாக வேண்டிய குறைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. கழுவி, பாலிஷ் போட்டால் அவை புதிதுபோலத் தோன்றும். வயர் இணைப்புகளில் துரு ஏறுவதோ பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் இதுவே சட்டம். வாங்குபவர் எந்த மதத்தவராயினும் மோசடி ஹராமே.

தரகரின் பொறுப்பு

முந்நூறு திர்ஹத்திற்கு ஒட்டகை விற்ற ஒரு நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். அருகில் நின்ற ஸஹாபி வாஸிலா (ரலி) அவர்கள், வாங்கியவர் பின்னால் சென்று, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று வினவினார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொன்னார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்தார். வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வருந்தவும் செய்தார். வாஸிலா (ரலி) அவர்களுக்கு அதில் கமிஷன் ஏதுமில்லை. ஆனாலும் அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர். தரகரும் மெக்கானிக்கும் இதைச் சிந்திக்கட்டும்.

விலையைக் கணக்கிடும் முறை

இந்தப் பேரத்தில் சம்பந்தமில்லாத, அனுபவமுள்ள இருவரிடம் மதிப்புக் கேட்க வேண்டும். குறையில்லாவிட்டால் வண்டி ரூ. 80,000 பெறும், குறையோடு ரூ. 60,000 பெறும் என்று வைப்போம். குறைவு நாலில் ஒரு பங்கு. பேசிய விலை ரூ. 72,000 என்றால் அதில் நாலில் ஒரு பங்கான ரூ. 18,000 கழியும், நியாயமான கிரயம் ரூ. 54,000. சந்தை வித்தியாசமான ரூ. 20,000ஐ அப்படியே கழிப்பதில்லை, விகிதமே கணக்கு. இதற்கு ‘அர்ஷ்’ என்று பெயர்.

வாங்கிய பின் தெரிந்தால்?

முன்பே இருந்த குறை பிறகு தெரிந்தால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது பேசிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு தள்ளுபடியைக் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கியவர் கையில் புதிய சேதம் ஏற்பட்டுத் திருப்ப இயலாமல் போகும்போதே அர்ஷ் கேட்கும் உரிமை வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்த உடனே திருப்ப வேண்டும். ஹனஃபியில் அவகாசம் உண்டு. ஆனால் தெரிந்தபின் ஓட்டித் திரிந்தால் பொருந்திக்கொண்டதாகிவிடும்.

“உள்ளது உள்ளபடி, எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை” என்று விற்றால்? ஹனஃபியில் அந்த நிபந்தனை செல்லும். திருப்பும் உரிமை போய்விடும். ஷாஃபிஈயில் வண்டி போன்ற பொருள்களுக்கு அது செல்லாது. எப்படியானாலும் தெரிந்த குறையை மறைத்த பாவம் அந்த வாசகத்தால் நீங்காது.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸ் விவரத்தையும் பாருங்கள். கால்மிதிக்கு அடியில் சேறு, சீட்டு இரும்பில் துரு உண்டா என்று கவனியுங்கள். ஆனால் இல்லாத குறையைச் சொல்லி, பணமுடையில் விற்பவரின் விலையை அடிக்காதீர்கள், அதுவும் பொய்யே.

இருவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழியின் கருத்து. வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.