கறையும் சான்றே

நுழையும்முன்
பழுதற்றதே அழகு என்பது பொதுவான எண்ணம். சிற்றுரு விமானக் கலையோ கறைக்கும் கீறலுக்கும் காரணம் தேடுகிறது. அக்கலையின் இறுதிப்பணியை இப்பாடம் விளக்குகிறது.

தடமூட்டல்
நெகிழிப் பகுதிகளை ஒட்டி வண்ணம் தீட்டிய விமான மாதிரி, ஆலையிலிருந்து அன்றே வெளிவந்ததுபோலத் தோன்றும். வெயில், மழை, எண்ணெய், புகை, மனிதரின் காலடி ஆகியவை உண்மை விமானத்தில் விட்ட தடங்களை அதில் காட்டுவதைத் தடமூட்டல் எனலாம்.

1936ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த பிரித்தானியப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைச் சான்றாகக் கொள்வோம். 9.12 மீட்டர் நீளமுள்ள அதன் முதல் வகை, 1:72 என்னும் அளவில் ஏறத்தாழ 12.7 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆகவே, மாதிரியில் இடும் 1 மில்லிமீட்டர் கீறல், உண்மை விமானத்தில் 7.2 சென்டிமீட்டர் கீறலைக் குறிக்கும். கை சற்றே மிகுந்தாலும் உண்மை குலைந்துவிடும்.

பூச்சின் வரிசை
முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் கரும்பச்சையும் மண்பழுப்பும், அவை உலர்ந்தபின் பளபளப்பான அக்ரிலிக் பூச்சு. இவ்வழவழப்பான பரப்பில், நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்கள் காற்றுக்குமிழியின்றிப் படியும். பின்னர், மினரல் டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணத்தைத் தகடுகளின் இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால், நுண்புழை நுழைவால் அது கோட்டின் வழியே தானே ஓடும். நன்கு உலர்ந்த அக்ரிலிக் பூச்சை அக்கரைப்பான் எளிதில் கரைக்காது. மிகுந்த வண்ணத்தைக் காற்றோடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடைத்தல் வேண்டும். பளபளப்பை அடக்கும் மங்கல் பூச்சு அதன்பின் இடப்படும்.

காரணம் தேடல்
ஸ்பிட்ஃபயர் விமானியறையின் சிறுகதவு இடப்பக்கத்தில் உள்ளது. விமானி இடச்சிறகின் அடிப்பகுதியை மிதித்தே ஏறி இறங்குவார். ஆதலால் அங்கு வண்ணம் மிகுதியாகத் தேயும். வால்சுக்கானோ துணி போர்த்தியது; அதில் வெள்ளிநிற உலோகக் கீறல் வரைந்தால் அது பொய்ச்சான்றாகிவிடும். புகைப்போக்கிகளின் கரி, மூக்கின் இருபுறமும் தொடங்கிப் பின்னோக்கிப் படரும். வண்ணச் சுண்ணக்கட்டியின் பொடியை மென்தூரிகையால் தேய்த்து அதனைக் காட்டலாம். சிறகின் முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகளை மூடிய துணி கிழிந்திருந்தால், விமானம் சுட்டுவிட்டுத் திரும்பியது என்பது பொருள்.

அளவறிதல்
1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில், பல ஸ்பிட்ஃபயர்கள் படையில் சேர்ந்த சில வாரங்களிலேயே வீழ்ந்தன. வண்ணம் வெளுக்கும் அளவிற்கு அவற்றுக்கு ஆயுள் வாய்க்கவில்லை. அத்தகைய விமானத்தின் மாதிரியைப் பல்லாண்டு வெயிலில் கிடந்ததுபோல் வெளுக்கச் செய்வது, அது காணாத முதுமையை அதன்மேல் ஏற்றுவதாகும். பழைய ஒளிப்படங்களை ஆராய்ந்து, விமானம் பறந்த நாள்களைக் கணக்கிட்டு, காரணமுள்ள தடத்தை மட்டும் இட்டபின் தூரிகையைக் கீழே வைப்பவரே தேர்ந்த கலைஞர்.

கற்பவை கற்றபின்
நீங்கள் பயன்படுத்தும் மிதிவண்டியை உற்றுநோக்கி, அதிலுள்ள ஒவ்வொரு தேய்வுக்கும் உரிய காரணத்தை எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.