பாடம் 6: பொதி லொறியில் தூர ஓட்டச் சாரதி வேலை

இடப்பெயர்வுக்கு முன்னர் உழவு இயந்திரம், லொறி, வான் ஓட்டிப் பிழைத்த பலர் இன்று தமது ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். தொழில் கையில் இருக்கிறது. ஆனால் சொந்த வாகனம் அழிந்துவிட்டது, அல்லது அனுமதிப்பத்திரம் தொலைந்துவிட்டது. ஏ9 வீதியால் கொழும்புக்கும் வடக்கிற்கும் இடையே ஓடும் லொறிகளில் இவர்களுக்கு வேலை வாய்ப்பு உண்டு. அந்த வேலையைத் தேடுவது எப்படி, ஏமாறாமல் சேர்வது எப்படி என்பதை இப்பாடம் விளக்குகிறது. சாரதி மட்டுமன்றி வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

1. பொதி லொறி என்றால் என்ன?

ஒரு வியாபாரி முழு லொறியையும் வாடகைக்குப் பிடித்துத் தன் பொருட்களை மட்டும் ஏற்றுவது ஒரு முறை. ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்கினால் வேலை முடிந்துவிடும்.

பொதி லொறியில் அப்படியல்ல. பல கடைக்காரரின் பொருட்கள் ஒரே லொறியில் சேர்ந்து வரும். ஒருவருக்கு இரண்டு பெட்டி பிஸ்கட், இன்னொருவருக்கு ஐந்து மூட்டை சீனி, வேறொருவருக்கு ஒரு தண்ணீர்ப் பம்பி. புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிய பொருட்கள் லொறிக் கந்தோரில் சேர்க்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பில் எழுதி ஏற்றப்படும். பின்னர் வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று வழிநெடுக இறக்கப்படும். திரும்பும்போது வெங்காயம், வாழைக்குலை, கருவாடு, பனம் பொருட்கள் போன்றவை தெற்கே போகும்.

ஆகவே இந்த வேலையில் ஓட்டுவது பாதி, பொருட்களுக்குப் பொறுப்பாக இருப்பது மீதி. கணக்குத் தெரிந்த, பொறுப்பான சாரதியையே முதலாளிமார் தேடுகிறார்கள். வேலை கேட்டுப் போகும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

2. முதலில் பத்திரங்களைச் சரிசெய்யுங்கள்

கார், வான் ஓட்டும் பி வகுப்பு அனுமதிப்பத்திரம், பாரத்துடன் மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதற்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகுப்பும், அதற்கும் மேற்பட்ட லொறிக்கு சி வகுப்பும் தேவை. உழவு இயந்திரத்துக்கான அனுமதியைக் கொண்டு லொறி ஓட்ட முடியாது.

• அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை எடுங்கள். அதனுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சென்று இணைப்பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பழைய இலக்கமோ நிழற்படப் பிரதியோ இருந்தால் வேலை இலகுவாகும்.
• தேசிய அடையாள அட்டை இல்லாவிட்டால் அதை முதலில் பெறுங்கள். விண்ணப்பத்தைக் கிராம அலுவலர் ஊடாக அனுப்ப வேண்டும்.
• பாரவாகன அனுமதிக்கு மருத்துவச் சான்றிதழ் அவசியம். அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் வழங்குகிறது. அருகிலுள்ள கிளை எது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.
• அனுமதிப்பத்திரத்தின் முடிவுத் திகதியைப் பாருங்கள். பாரவாகன வகுப்புக்களை இலகு வாகன வகுப்புக்களைவிட விரைவில் புதுப்பிக்க வேண்டும்.

“பத்திரம் பிறகு பார்க்கலாம், இப்போது ஓடு” என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். உரிய அனுமதி இல்லாமல் ஓடி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கிடைக்காமற் போகலாம். வழக்கும் நட்டமும் உங்கள் குடும்பத்தின் தலையில் விழும்.

3. எங்கே கேட்பது?

• உங்கள் நகரத்திலுள்ள லொறிக் கந்தோர்கள், மொத்த வியாபாரக் கடைகள்.
• பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், லொறி உரிமையாளர் சங்கங்கள்.
• முன்பு உங்களுடன் ஓடிய சாரதிகள். இத்தொழிலில் தெரிந்தவரின் ஒரு வார்த்தைக்குப் பெறுமதி அதிகம்.

தூர ஓட்டம் உடனே கிடைக்காவிட்டால் மாவட்டத்துக்குள் பொதி விநியோகிக்கும் சிறிய லொறியில் தொடங்கலாம். சிலர் கிளீனராகச் சேர்ந்து, பாதையும் கடைகளும் பழகியபின் சாரதியாகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அனுராதபுரத்திலிருந்து தம்புள்ளை, குருநாகல் ஊடாகவும் போகலாம், புத்தளம், நீர்கொழும்பு ஊடாகவும் போகலாம். இரண்டு பாதையும் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

வேலை பெற்றுத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அனுமதிப்பத்திரத்தையோ அடையாள அட்டையையோ பிணையாகக் கொடுக்கவும் வேண்டாம். நிழற்படப் பிரதியை மட்டும் கொடுங்கள்.

4. சேரும் முன் கேட்க வேண்டியவை

கேட்டால் வேலை கிடைக்காமற் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல முதலாளி கோபிக்க மாட்டார். இப்படிக் கேட்கலாம்:

“ஐயா, சம்பளம் மாதக் கணக்கோ, நடைக் கணக்கோ?”
“நடைக் கணக்குத்தான் தம்பி. சாப்பாட்டுக் காசு வேற.”
“சாமான் குறைஞ்சால் ஆர் பொறுப்பு ஐயா?”
“நீர் எண்ணி ஏத்தினதுக்கு நீர் பொறுப்பு.”
“அப்ப நான் நிண்டு எண்ணித்தான் ஏத்துவன். பில்லில குறைஞ்சதையும் உடைஞ்சதையும் எழுதி, கந்தோரில ஒப்பம் வாங்கலாமோ?”
“அதுதான் சரி. அப்பிடிச் செய்யும்.”

இந்தச் சிறு உரையாடல் பின்னர் வரக்கூடிய பெரிய சச்சரவைத் தடுக்கும்.

அடுத்தது சேமலாப நிதி. நடைக்கணக்கில் சம்பளம் பெறும் ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உரித்தானது. உதாரணமாக, மாதத்தில் உங்கள் உழைப்பு 20,000 ரூபா எனக் கொள்வோம்:

• உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம்: 1,600 ரூபா
• முதலாளி தன் காசிலிருந்து 12 வீதம்: 2,400 ரூபா
• ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம்: 600 ரூபா

முதலாளி கட்ட வேண்டிய பங்கை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பணம் கட்டப்படாவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

5. பாதையில் கவனிக்க வேண்டியவை

ஏற்றும் ஒழுங்கு: கடைசியாக இறக்க வேண்டிய பொதியை முதலில் ஏற்றுங்கள். யாழ்ப்பாணப் பொதிகள் உள்ளே, வவுனியாப் பொதிகள் கதவோரம். பாரமானவை கீழே, உடையக்கூடியவை மேலே. மண்ணெண்ணெயையும் கிருமிநாசினியையும் உணவுப் பொருட்களுடன் சேர்த்து வைக்க வேண்டாம். படங்கை இழுத்துக் கட்டிய பின்னரே புறப்படுங்கள்.

பில் இல்லாத பொதி: இது மிக முக்கியம். “இதை மட்டும் ஊரில குடுத்துவிடுங்கோ அண்ணை” என்று தெரிந்தவர் தந்தாலும், பில்லில் இல்லாத பொதியை ஏற்ற வேண்டாம். சோதனைச் சாவடியில் அதற்குள் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் சாரதிதான். மரம் ஏற்றுவதானால் அதற்குரிய அனுமதிப்பத்திரம் உடன் இருக்க வேண்டும்.

வாகனப் பத்திரங்கள்: வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதியைப் புறப்படும் முன் நீங்களே பாருங்கள்.

இரவு ஓட்டம்: பெரும்பாலான லொறிகள் மாலையில் புறப்பட்டு விடியற்காலையில் சேருகின்றன. புத்தளம், அனுராதபுரம் பக்கம் யானைகளும், ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகளும் இரவில் வீதிக்கு வரும். நித்திரை வந்தால் வெற்றிலையும் தேநீரும் போதாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சற்று உறங்குங்கள். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களில், எந்தத் தேவைக்காகவும் தார் வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

6. குடும்பமாகச் செய்து பாருங்கள்

சாரதி வாரத்தில் பல இரவுகள் வீட்டில் இருக்கமாட்டார். திரும்பி வந்த ஊரில் அயல் இன்னும் முழுதாகக் குடியேறாமல் இருக்கலாம். ஆகவே வேலையில் சேரும் முன் கூடிப் பேசி, கீழ்வரும் கேள்விகளுக்கு விடையை ஒரு கொப்பியில் எழுதுங்கள்:

1. அவர் இல்லாத இரவுகளில் துணைக்கு யார்? அவசரத்துக்கு அழைக்கக்கூடிய அயலவரின் தொலைபேசி இலக்கம் என்ன?
2. லொறிக் கந்தோரின் இலக்கமும் லொறியின் இலக்கத்தகடும் வீட்டில் எழுதப்பட்டுள்ளனவா?
3. அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் ஆகியவற்றின் பிரதிகள் எங்கே உள்ளன?
4. ஒவ்வொரு நடையின் திகதி, கிடைத்த சம்பளம், கழித்த தொகை ஆகியவற்றை யார் பதிவார்?

நான்காவது கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். சம்பளம் குறித்தோ பொருள் இழப்புக் குறித்தோ பிரச்சினை வந்தால், திகதியிட்டு எழுதிய அந்தக் கொப்பி உங்கள் பக்கத்துச் சாட்சியாக நிற்கும். பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் நல்லது.