தரவுத்தளமும் தானியங்கித் துப்புரவும்

கணக்கேட்டில் ஓர் எண்ணைத் திருத்துங்கால், பழையதன்மீது கோடிட்டுப் புதியதை அருகில் எழுதுவது கணக்கர் மரபு. பழைய எண் மறைவதில்லை. இடத்தை அடைத்து நிற்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் உறவுமுறைத் தரவுத்தளமும் இவ்வாறே இயங்குகிறது. 1986இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது இது.

ஒருவர் ஒரு பதிவைத் திருத்தும்போதே மற்றொருவர் அதனைத் தடையின்றிப் படித்தல் வேண்டும். இதன்பொருட்டே பழைய பதிவு உடனே அழிக்கப்படுவதில்லை. எவருக்கும் தேவையற்றுப்போன இத்தகைய பதிவுகளை 'இறந்த பதிவுகள்' என்பர். அவற்றை அகற்றி, அவ்விடத்தைப் புதிய பதிவுகளுக்கு ஆக்கித் தரும் பணி 'வேக்கூம்' எனப்படும். இதனைத் தானே செய்யும் 'ஆட்டோவேக்கூம்' 2005இல் வெளிவந்த 8.1ஆம் பதிப்பில் தரவுத்தளத்தோடு இணைந்தது, 2008இன் 8.3ஆம் பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது.

துப்புரவு எப்போது தொடங்கும்? அட்டவணையின் மொத்தப் பதிவுகளில் 20 விழுக்காட்டுடன் 50ஐக் கூட்டிவரும் எண்ணிக்கையை இறந்த பதிவுகள் கடக்கும்போது என்பது இயல்பான விதி. 1,000 பதிவுகளுக்கு இவ்வெல்லை 250, பொருத்தமானதே. ஆனால் 10 கோடிப் பதிவுகள் கொண்ட அட்டவணைக்கு அது 2 கோடியே 50! அதுவரை குப்பை குவியும், தேடல் தளரும். ஆகவே, ஓயாது திருத்தப்பெறும் பேரட்டவணைக்கு மட்டும் 'ஸ்கேல் ஃபேக்டர்' என்னும் அளவை 0.2இலிருந்து 0.01 எனக் குறைத்தால், எல்லை ஏறத்தாழ 10 லட்சமாகும். அடிக்கடி, சிறிது சிறிதாகத் துப்புரவு நிகழும்.

வேகத்தையும் நாம் நோக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர் மூவர் என்பது இயல்பமைப்பு. 200 புள்ளி அளவு வேலை முடிந்ததும் 2 மில்லிவினாடி ஓய்வு. 2019இன் 12ஆம் பதிப்புக்கு முன் இவ்வோய்வு 20 மில்லிவினாடி. அந்த 200 புள்ளிகளை மூவரும் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே ஆட்களை மட்டும் பெருக்கினால் வேகம் பெருகாது. புள்ளி வரம்பையும் உயர்த்த வேண்டும். முடிக்கப்படாமல் நெடுநேரம் திறந்து கிடக்கும் பரிமாற்றம் ஒன்றிருப்பின், அதற்குத் தேவைப்படலாம் என்று பழைய பதிவுகள் விட்டுவைக்கப்படும். அந்நிலையில் எவ்வளவு பெருக்கியும் பயனில்லை.

'துப்புரவு வேலைக்கு இடையூறு' எனக் கருதி அதனை நிறுத்திவிடுவாரும் உளர். இது பெரும்பிழை. பரிமாற்ற எண்கள் 32 பிட் அளவின. ஏறத்தாழ 400 கோடியில் சுழன்று மீண்டும் தொடங்குவன. பழைய பதிவுகளுக்கு 'உறைநிலை' முத்திரை இடுவதும் துப்புரவின் கடமையே. அம்முத்திரை இடப்படாத பதிவின் வயது 20 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தால், நாம் நிறுத்தி வைத்திருப்பினும் துப்புரவு கட்டாயமாகத் தொடங்கும். அது வேலை மிகுந்த வேளையாகவும் இருக்கலாம். அதுவும் நிறைவேறாது 200 கோடியை நெருங்கினால், தரவுகளைக் காக்கும்பொருட்டுத் தரவுத்தளம் புதிய எழுத்துப் பணிகளையே மறுத்துவிடும்.

ஓய்வில்லாத அட்டவணைக்கே ஓயாத துப்புரவு வேண்டும். நிறுத்துவதன்று, அளவறிந்து முறைப்படுத்துவதே அறிவுடைமை என்பதை நாம் உணர்தல் வேண்டும்.