கம்ப்யூட்டர் டேபிள் ஆடுகிறதா? உங்கள் உரிமை என்ன?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். அதை வைக்கும் டேபிளை மட்டும் கடைசி நேரத்தில், கண்ணில் பட்டதை வாங்கி வந்துவிடுகிறோம். பத்தே நாளில் கீ போர்ட் தட்டு கழன்று தொங்குகிறது; பலகை நடுவில் வளைகிறது. மேலே இருப்பதோ சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர். டேபிள் சரிந்தால் அதுவும் சேர்ந்து விழும். இந்த நிலையில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

சுண்ணாம்புக்குளத்தில் வசிக்கும் ஒருவர் கும்மிடிப்பூண்டியில் டேபிள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரிக்கரை ஊர் அது. காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். இன்று விலை குறைவாகக் கிடைக்கும் டேபிள்களில் பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டால் ஆனவை. மரத்தூளையும் மரச் சில்லுகளையும் பசை கலந்து அழுத்திச் செய்யும் பலகை இது. ஓரங்களில் பட்டை ஒட்டாமல் விட்டிருந்தால், அந்த இடத்தில் ஈரம் புகுந்து பலகை உப்பிவிடும். பிறகு ஸ்குரூ பிடிக்காது. எனவே வாங்கும்போதே டேபிளின் அடிப்பக்கத்தையும், ஒயர் போகும் ஓட்டையின் விளிம்பையும் தடவிப் பாருங்கள்.

எது குறை, எது குறை அல்ல?

நீங்கள் வாளித் தண்ணீரைக் கொட்டியதால் பலகை உப்பினால் அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. ஆனால் ஓட்டை பொருந்தாமல் ஆடுவது, ஓரப் பட்டை தானாகப் பிரிவது, "தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி விற்ற பலகை உப்புவது ஆகியவை குறைகளே.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்த வரி உங்கள் உரிமையைப் பறித்துவிடாது.

வீட்டிலேயே ஜெராக்ஸ், டைப்பிங் வேலை செய்து பிழைப்பு நடத்த வாங்கியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். வாங்கி விற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

கம்ப்யூட்டரே துணை

உங்களிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே! அதையே பயன்படுத்துங்கள்.

1. முதலில் கம்ப்யூட்டரை டேபிளிலிருந்து இறக்கி, பத்திரமான இடத்தில் வையுங்கள்.

2. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு "டேபிள் புகார்" என்று பெயர் கொடுங்கள்.

3. குறை உள்ள இடங்களை மொபைலில் படம் எடுத்து, இந்த போல்டருக்கு மாற்றுங்கள். பில், வாரண்டி அட்டை, பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றையும் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைல்களாக இங்கேயே சேமியுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி இருக்கட்டும்.

4. கடைக்காரருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் டைப் செய்யுங்கள். வாங்கிய தேதி, விலை, குறை, உங்களுக்கு வேண்டியது (மாற்றுப் பொருளா, பணமா), எத்தனை நாளுக்குள் என்பவற்றை எழுதினால் போதும். திட்டி எழுத வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

5. பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயல்வார்கள். புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது.

இணையக் கடையில் வாங்கியிருந்தால், அங்குள்ள குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் உள்ளது.

கடைசிப் படி

அப்போதும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சுண்ணாம்புக்குளத்துக்காரருக்குத் திருவள்ளூர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் சரி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது புதிய சட்டம் தந்த வசதி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

திருவள்ளூர் வரை போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதற்கும் வழி உண்டு. 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி இணையதளத்தில், வீட்டிலிருந்தே புகாரையும் பிரமாணப் பத்திரத்தையும் பதிவேற்றலாம். நீங்கள் சேமித்து வைத்த பி.டி.எப். பைல்கள் இங்கே கைகொடுக்கும். விசாரணையை வீடியோ கான்பரன்சிங்கில் நடத்தும்படி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தீர்ப்பு வரும்வரை டேபிளை ஆசாரியிடம் கொடுத்து மாற்றி அடிக்காதீர்கள், விறகுக்கும் போட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பும். அந்த டேபிள்தான் உங்கள் முதல் சாட்சி. அடுத்த முறை டேபிள் வாங்கும்போது, எந்தப் பலகை என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.