சிறையில் விளைந்த கைப்பொருள்

முன்னுரை

சிறையிலிருப்போரின் கைத்தொழிலை மூவகையாகப் பகுக்கலாம். ஆணையால் செய்வது ஒன்று. கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனார் இழுத்த செக்கு இவ்வகையது. பிழைப்புக்காகச் செய்து விற்பது மற்றொன்று. பிறர்க்கு ஈவதற்கென்றே செய்வது மூன்றாவது. பின்னிரண்டற்கும் வரலாறு தரும் சான்றுகளை ஈண்டுக் காண்போம்.

எலும்பில் எழுந்த கப்பல்கள்

பிரெஞ்சுப் புரட்சிப் போரிலும் நெப்போலியன் போர்களிலும் பிடிபட்ட வீரர்களை அடைத்து வைக்க, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797-இல் முகாம் ஒன்று திறக்கப்பெற்றது. உணவில் எஞ்சிய எலும்பும், வைக்கோலுமே அவர்கள் கைக்கு எட்டிய மூலப்பொருள்கள். எலும்பைச் செதுக்கிப் பாய்மரக் கப்பல்களைச் சமைத்தனர்; வைக்கோலைப் பிளந்து, சாயமேற்றி, பெட்டிகளின்மேல் ஓவியமென ஒட்டினர். வாயிலருகே கூடிய சந்தையில் அவற்றை விற்றுப் பொருளீட்டினர். அவர்தம் வைக்கோற் பின்னல் வணிகமோ, உள்ளூர்ப் பின்னல் தொழிலாளரின் பிழைப்பைக் காக்கும் பொருட்டுத் தடை செய்யப்பட்டது. வெளியார் அஞ்சுமளவிற்குக் கைதியின் கை தேர்ச்சி பெற்றிருந்தமை இதனாற் புலனாகும். அக்கலைப் பொருள்கள் பல பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் உள.

சிறைப்படுத்தியவர்க்குச் செருப்பு

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக், மரியன்ஹில் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். 1910-இல் தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையில் அடிகள் அதனை அவரிடம் பயின்றார். ஒப்பந்தம் முடிந்த கூலியாளர்மீது சுமத்தப்பட்ட 3 பவுன் வரியை எதிர்த்து 1913-இல் எழுந்த அறப்போரில் தமிழர் பலர் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான பின் 1914 பிப்ரவரி 22-இல் தம் 16-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவ்வரசின் அமைச்சர் ஸ்மட்ஸ். அவருக்கே அடிகள் தாம் சிறையில் தைத்த ஓரிணைச் செருப்பைப் பரிசாக அளித்தார். வள்ளியம்மையை இழந்தோர் நெஞ்சில் இஃது எவ்வாறு பட்டிருக்கும் என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: அப்பரிசு உரிமைக்கு ஈடாகத் தரப்பட்டதன்று. அவ்வரி 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. கொள்கையில் விட்டுக் கொடாதவரே பகைவர்க்கும் பரிசளிக்க வல்லார். அடிகளின் 70-ஆம் பிறந்தநாளை ஒட்டி 1939-இல் வெளிவந்த மலரில், அச்செருப்பைப் பல கோடைகள் அணிந்ததாகவும், அதற்குத் தாம் தகுதியுடையரல்லர் என உணர்ந்ததாகவும் ஸ்மட்ஸ் எழுதினார்.

முடிவுரை

சிறைவாசியின் கைப்பொருள், அவன் குற்றத்தை மறைப்பதன்று. குற்றத்திற்கு அப்பாலும் அவனிடம் ஒரு மனிதன் எஞ்சியிருப்பதைக் காட்டுவது. சிறைவாசிகள் செய்த பொருள்களை விற்கும் அங்காடிகள் இன்று தமிழகத்திலும் உள்ளன. அங்கே ஒரு பொருளைக் கையிலெடுக்கும் மாணவர், அதன் விலையை மட்டுமன்றி, அதனைச் செய்த கையையும் எண்ணிப் பார்ப்பாராக.