இசைத்தட்டா, குறுந்தகடா? ஒலி பாடத்தில் ஒரு சோதனை

ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு படம் வரைவேன். வளைந்து செல்லும் ஓர் அலை. அதன்மேல் படிக்கட்டுபோல ஏறி இறங்கும் ஒரு கோடு. “அலைதான் இசைத்தட்டு. படிக்கட்டு, குறுந்தகடு. படிகளுக்கு நடுவில் இருப்பதைக் குறுந்தகடு விட்டுவிடுகிறது. அதனால்தான் இசைத்தட்டில் பாட்டு உயிரோடு கேட்கிறது” என்பேன். பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். அது தவறு.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ராக் இசைமேல் பற்று உண்டு. இங்கிலாந்தின் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழு 1985-இல் வெளியிட்ட ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ என்னிடம் இரு வடிவிலும் இருக்கிறது. ஒருநாள் இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கரீபியன் தீவான மான்ட்செராட்டில் இருந்த ஒலிக்கூடத்தில், அன்று புதிதாக வந்திருந்த டிஜிட்டல் கருவியில் இதைப் பதிவு செய்தார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டாம் வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சார், பதிவு செய்யும்போதே டிஜிட்டல்னா, இசைத்தட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அது படிக்கட்டு ஆயிடுச்சே. அப்புறம் தட்டுல மட்டும் எப்படி சார் உயிர் வந்துச்சு?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வர ஒரு வாரம் ஆனது.

குறுந்தகட்டில் இடது, வலது என ஒவ்வொரு பக்க ஒலியும் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 நிலைகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அந்தப் புள்ளிகளிலிருந்து மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயரால் அறியப்படும் தேற்றம். நம் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். இரு மடங்கு 40,000. எனவே 44,100 போதும். குறுந்தகடு இயக்கியிலிருந்து படிக்கட்டு வெளியே வருவதில்லை. உள்ளிருக்கும் வடிகட்டி புள்ளிகளை வழுவழுப்பான அலையாக்கித் தருகிறது. அளவுகளை முழு எண்ணாக்குவதால் மெல்லிய இரைச்சல் ஒன்று சேரும். ஆனால் அது மிக உரத்த ஒலியைவிட ஏறக்குறைய 96 டெசிபல் கீழே கிடக்கும். இசைத்தட்டின் உரசல் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

செவியின் எல்லையைக் காட்ட ஒரு வேடிக்கையும் செய்தோம். பீட்டில்ஸ் குழு ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ (1967) தொகுப்பின் முடிவில், நாய்களுக்காக என்று 15,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைச் சேர்த்திருக்கிறது. குறுந்தகட்டிலும் அது உண்டு. குறைந்த உரப்பில் ஒலிக்கவிட்டேன். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை! இசையின் நுட்பத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் தீர்ப்புச் சொன்ன காது இது.

இசைத்தட்டின் இயற்பியல் உண்மையில் குறுந்தகட்டைவிடச் சுவையானது. வட்ட இயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. மையத்திலிருந்து 14.6 செ.மீ. தொலைவில் உள்ள வெளிப்பள்ளம் ஊசியின் கீழ் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. 6 செ.மீ. தொலைவில் உள்ள உட்பள்ளம் 21 செ.மீ.தான் ஓடுகிறது. மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 0.051 மி.மீ. நீளத்தில் செதுக்கப்பட்டிருக்கும், உள்ளே 0.021 மி.மீ.க்குள் நெருங்கிவிடும். அந்த நெருக்கத்தை ஊசிமுனை சரியாகத் தொடர முடியாமல் தடுமாறுகிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலிகள் சிதறுவது இதனால்தான். அமைதியான பாட்டைக் கடைசியில் வைக்கும் வழக்கமும் இதையொட்டி வந்தது.

தாழ்ந்த அதிர்வெண்களுக்கு வேறு சிக்கல். பேஸ் கிதாரின் அலை அகலமான பள்ளம் கேட்கும். அதனால் செதுக்கும்போது அதைக் குறைத்து, கேட்கும்போது ஒலிபெருக்கியில் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் இடம் போதாது. ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ குறுந்தகட்டில் சுமார் 55 நிமிடம் ஓடும். இசைத்தட்டில் 47 நிமிடம்தான். ‘மணி ஃபார் நத்திங்’ உள்ளிட்ட சில பாட்டுகளைத் தட்டுக்காகச் சுருக்கியிருக்கிறார்கள். நான் ‘முழுமையானது’ என்று புகழ்ந்த வடிவில் எட்டு நிமிடம் குறைவு.

இசைத்தட்டுதான் மேல் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பல ராக் குறுந்தகடுகள் கேட்கக் களைப்பாகவே இருக்கின்றன. அது தகட்டில் எதை ஏற்றினார்கள் என்பதால் வந்த வினை. 1990-களில் தங்கள் பாட்டுதான் மற்றவற்றைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி முற்றியது. மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உச்சங்களை வெட்டினார்கள். மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னடிக்’ (2008) வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில் இதைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். மறுபடி கலவை செய்து வெளியிடக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். விளையாட்டும் டிஜிட்டல்தானே! உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைத் திறந்து, அந்தத் தொகுப்பையும் 1985 தொகுப்பையும் அடுத்தடுத்துக் காட்டினேன். ஒன்று மலைத்தொடர், மற்றொன்று செங்கல். உரப்பு, வீச்சு என்ற இரு சொற்களை அதற்குப் பிறகு யாரும் குழப்பிக்கொள்ளவில்லை.

கடைசியாக என்னையே சோதித்தார்கள். நான் திரும்பி உட்கார, நாணயம் சுண்டி, தட்டையோ தகட்டையோ ஒலிக்கவிட்டார்கள். பத்துக்குப் பத்து சரி! “சார், கரகரப்பை வச்சு கண்டுபிடிச்சிட்டீங்க” என்று ஒருவன் மானத்தை வாங்கினான். சரிதான். பிறகு அந்த மாணவியே ஒரு வழி சொன்னாள்: இசைத்தட்டின் ஒலியைக் கணினியில் 44,100 அளவீட்டில் பதிந்து, குறுந்தகடாக்கி, தட்டையும் அதன் நகலையும் ஒப்பிடலாம். இப்போது கரகரப்பு இரண்டிலும் ஒன்றே. ஒலிபெருக்கி முனையில் பன்முகமானியை வைத்து உரப்பையும் சமப்படுத்தினோம். இதை விட்டுவிடாதீர்கள், சற்றே உரத்துக் கேட்பதைக் காது ‘நல்லது’ என்று சொல்லிவிடும்.

பத்தில் ஆறு சரி. கண்ணை மூடி ஊகித்தாலே ஆறு அல்லது அதற்கு மேல் வருவதற்கான நிகழ்தகவு 386/1024 என்று கணித ஆசிரியை பலகையில் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 38 விழுக்காடு. ஒன்பதாவது எடுத்திருந்தால் 11/1024 என்று மார்தட்டியிருக்கலாம். ஒருவர் காதில் பத்து முறை செய்தது நிரூபணம் ஆகாது என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

மறுநாள் அதே படிக்கட்டுப் படத்தை வரைந்து, குறிப்பேட்டில் அதை அடிக்கச் சொன்னேன். படிகளின் இடத்தில் புள்ளிகள் மட்டும் வைத்தோம். அவற்றின் வழியே அலையை அவர்களே வரைந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்களின் குறிப்பேடுகளில் அந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களிடம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கியிருக்கிறேன்.