கிளினிக் கொப்பியோடு ஜிம்முக்கு வருகிறவர்கள்

திருகோணமலையில் சிறிய உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தால் இருபது வயதுப் பொடியன்மார் தாமாகவே வந்துவிடுவார்கள். ஒருவன் வந்தால் அவனுடைய கிரிக்கெட் குழுவே பின்னால் வரும். பிறகு பரீட்சை வரும், சிலர் கட்டாருக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போவார்கள், மாதக்கட்டணம் நிலுவையில் நிற்கும். நிலையத்தின் வாடகையை வருடக்கணக்கில் தாங்கக்கூடியவர்கள் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள்: ஆசிரியர்கள், கச்சேரி ஊழியர்கள், வங்கிக்காரர், கடை முதலாளிமார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வூதியக்காரர். உடற்பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான். ஆனால் ஆட்களைச் சேர்ப்பது பற்றி இந்தத் தொழிலில் உலவும் நம்பிக்கைகள் பல, இவர்களைத்தான் வாசலோடு திருப்பி அனுப்புகின்றன.

“கட்டுடல் படம் போட்டால்தான் கூட்டம் வரும்”

வாசலில் ஆளுயரப் பதாகை, அதில் எண்ணெய் பூசிய மார்பும் நரம்பு புடைத்த கையும். இதைப் பார்க்கும் ஐம்பது வயது அதிபர் ஒருவர் என்ன நினைப்பார்? “இது எனக்கான இடமில்லை” என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார். அவருக்கு வேண்டியது மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத உடம்பு. கீழே இருந்து எழும்பும்போது வலிக்காத முழங்கால். கிளினிக் கொப்பியில் அடுத்த மாதம் கொஞ்சம் குறைந்து எழுதப்படும் சீனி அளவு.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ 83 வீதம் தொற்றா நோய்களால் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நாட்டுக் குறிப்பு சொல்கிறது. இதயநோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் அதற்குள் அடக்கம். சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் தொடங்கி, நடுத்தர வயதினருக்கு இரத்த அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துவருகிறது. அங்கே “உடற்பயிற்சி செய்யுங்கோ” என்ற அறிவுரையோடு வெளியே வருகிறவருக்கு அடுத்த படி எங்கே என்று தெரிவதில்லை. புதிய நிலையம் நிற்கவேண்டிய இடம் அந்தப் படிதான். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், நீங்கள் யார், என்ன படித்தீர்கள், எந்த வருத்தக்காரரை எப்படிப் பயிற்றுவிப்பீர்கள் என்று ஒருமுறை விளக்குங்கள். பதாகைக்குச் செலவிடும் காசைவிட அந்த அரைமணி நேரம் பெறுமதி மிக்கது.

அந்த அறிவுரை பலன் தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. சென்னையில் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்தபோது, அந்நோய் வரும் அபாயம் மூன்று ஆண்டுகளில் 28.5 வீதம் குறைந்தது. நம்மைப்போல் சோறு தின்கிற மக்களிடம் கிடைத்த முடிவு அது. ஜிம் இயந்திரம் எதுவும் அதில் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

“நாற்பதுக்கு மேல் பாரம் தூக்கக் கூடாது”

இது வாடிக்கையாளரின் நம்பிக்கை. வீட்டில் மனைவி சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், சில பயிற்றுநர்களும் தலையாட்டுவார்கள். 1990இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும், முதியோர் இல்லமொன்றில் சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது நாற்பத்தைந்தில் முடியாதா?

ஆனால் எச்சரிக்கை வேண்டும், இந்த இடத்தில் அவசரப்படுகிற பயிற்றுநரை நான் மன்னிக்கமாட்டேன். சேரும் நாளிலேயே கேட்கவேண்டிய கேள்விகள் சில: நெஞ்சுவலி வந்திருக்கிறதா, தலை சுற்றி விழுந்ததுண்டா, பிறசருக்கு மருந்து எடுக்கிறாரா, மூட்டில் பழைய காயம் உண்டா? கனடாவில் 1970களில் உருவான ஏழு கேள்விப் படிவம் இதற்காகவே உலகெங்கும் பயன்படுகிறது. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து வையுங்கள். “ஓம்” என்று ஒரு பதில் வந்தாலும் முதலில் வைத்தியர், பிறகுதான் பயிற்சி. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின்போது சீனி திடீரென இறங்கலாம். குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கவேண்டும். இவ்வளவையும் கேட்கிற இடத்தைப் பார்த்து யாரும் பயந்து ஓடுவதில்லை. “அங்கே எல்லாம் விசாரித்துத்தான் சேர்க்கினம்” என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

“நான் தினமும் நடக்கிறேன், அது போதும்”

டச்பே கடற்கரையிலும் பிரட்றிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையிலும் கோணேசர் கோயில்வரை நடப்பவர்கள் உடற்பயிற்சியின் அருமையை ஏற்கெனவே அறிந்தவர்கள். அவர்களிடம் நடையைக் குறை சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடம்பை அசைக்கவேண்டும் என்பதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடையில் கிடைக்காத பகுதி இதுதான். “நடையை விடாதேங்கோ ஐயா, கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் எங்களிடம் வாங்கோ” என்று கேட்பது நேர்மையானது. ஆறு நாள் வரச்சொல்லிக் கேட்பதைவிடப் பலனும் தரும்.

“வலை இழுக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?”

கரைவலை இழுப்பவரும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் நாள் முழுக்க உழைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வேலையில் வரும் உழைப்பும் பயிற்சியில் வரும் உழைப்பும் உடம்புக்கு ஒன்றல்ல. வேலையில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். ஓய்வெடுக்கும் நேரத்தை முதலாளியோ கடலோ தீர்மானிக்கும். 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், உடலுழைப்பு மிகுந்த வேலை செய்த ஆண்களுக்கு முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. வறுமையும் புகைத்தலும் இதில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஆய்வாளரிடையே தொடர்கிறது. விவாதம் எப்படி முடிந்தாலும், வலிக்கிற முதுகும் ஒருபக்கம் சரிந்த தோளும் நம் கண்முன்னே இருக்கின்றன. இவர்களுக்கு இன்னும் பாரம் வேண்டாம். முதுகு, இடுப்பு, தோள்பட்டைக்கான பயிற்சி வேண்டும். மாதக்கட்டணம் இவர்களுக்குச் சரிவராது. வருமானம் நாளாந்தம் வருவதால் கட்டணமும் வந்த நாளுக்கு மட்டும் இருக்கட்டும்.

“இந்த ஊரில் பெண்கள் வரமாட்டார்கள்”

ஜிம்காரர் சொல்லும் நம்பிக்கைகளில் என்னை அதிகம் வருத்துவது இது. பெண்கள் வராமல் இருப்பதற்குக் காரணம் விருப்பமின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் நிலையத்தின் கதவு பூட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. பிள்ளையை விட்டுவிட்டு, சந்தைக்குப் போய், சமையலைத் தொடங்குவதற்கு முன் ஒரு தாய்க்குக் கிடைப்பது எட்டரை முதல் பத்துவரையான இடைவெளி. விடியற்காலையும் மாலையும் மட்டும் திறக்கும் நிலையத்தில் அந்த நேரம் சும்மா கிடக்கும். வாடகை மட்டும் ஓடும். பின்னேரம் பிள்ளை ரியூசனில் இருக்கும் ஒன்றரை மணிநேரமும் அப்படித்தான். எத்தனை தாய்மார் அந்த நேரத்தை ரியூசன் வாசலில் நின்றே கழிக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

நேரத்துக்கு அடுத்தது மறைவு. பெண்களுக்கான நேரத்தில் பெண் பயிற்றுநர். வாசலிலும் ஆண்கள் இல்லை. றோட்டிலிருந்து உள்ளே தெரியாத கண்ணாடி. அந்த நேரத்தில் கமரா நிறுத்தப்படும் என்ற எழுத்து உறுதி. முஸ்லிம் பெண்களுக்கு மஃரிப் தொழுகைக்கு முன் வீடு போய்ச்சேர முடியுமா என்பதும் கேள்வி. நோன்பு மாதத்தில் நேரம் மாறவேண்டும். பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்த வசதி இல்லை என்று சொல்லும் உரிமையாளர், பாதி ஊரை வேண்டாம் என்கிறார்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுப் பாதைக்குக் காத்துநிற்கும் காலம் போய்விட்டது. ஆனாலும் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வாரத்துக்கு மூன்று முறை நகரத்துக்கு வந்துபோவது எளிதல்ல. வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, இறப்பர் பட்டிகளும் சில சிறு பாரங்களும் கொண்டுபோய் வகுப்பு நடத்தலாம். மூட்டு வலிக்கிற மாமியும் மருமகளும் சேர்ந்து வரும் வகுப்பாக அது இருந்தால் அனுமதி கேட்கும் சிக்கலும் குறையும்.

“வருடக் கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிட வேண்டும்”

தெல்லாவின்யா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க ஜிம்கள் மூன்றின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் போனார்கள். ஒரு வருகைக்கு 17 டொலருக்கு மேல் செலவானது. பத்து வருகைக்கான அட்டை வாங்கியிருந்தால் 10 டொலரோடு முடிந்திருக்கும். பெரிய நகரத்தில் இப்படி வராதவர் காசில் தொழில் நடத்தலாம். திருகோணமலையில் முடியாது. காசு கட்டிவிட்டு வராமல்போனவர் உங்களை மீன் சந்தையில் காண்பார், கோயில் திருவிழாவில் காண்பார், “காசு போட்டது வீண்” என்று நான்கு பேரிடம் சொல்வார்.

பத்து வருகை அட்டைதான் வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும். மாகாண அலுவலகங்களுக்காக மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கும் உத்தியோகத்தர் பலர் வெள்ளி மாலை ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களுக்கு வார இறுதி வகுப்பும் வேண்டாம், வருடச் சந்தாவும் வேண்டாம்.

“நிறைய மெஷின், நிறைய வெள்ளைக்காரர்”

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு வருகிறவர்கள் சில நாளே தங்குவார்கள். அதுவும் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர்வரை. மாரி மழையில் வாடகை கட்டப்போவது ஊர்க்காரர்தான். மெஷின்களோ இறக்குமதிப் பொருள். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாய்வரை போனதை மறந்துவிட்டுக் கடனுக்கு மெஷின் வாங்கவேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நல்ல காற்றோட்டமும் குடிநீரும் நிழலும் எந்த மெஷினைவிடவும் ஆளை நிறுத்திவைக்கும்.

“தூள் விற்றால்தான் இலாபம்”

புரதத் தூள் டப்பாக்கள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி, கிளினிக் கொப்பியோடு வருகிறவருக்குச் சந்தேகத்தையே தரும். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குக் கூடுதல் புரதம் கேடு செய்யலாம். ஊசி, மாத்திரை என்று ஸ்டீரொய்ட் பக்கம் போவது குற்றம். விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிராக 2013இன் 33ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பருப்பு, முட்டை, நெத்தலி, கடலை என்று இந்தக் கரையில் மலிவாகக் கிடைப்பதைச் சொல்லிக்கொடுக்கிற பயிற்றுநரை ஆட்கள் நம்புவார்கள்.

“முன்னும் பின்னும் படம் போட்டால் ஊர் நம்பும்”

ஊர் நம்பும், படத்தில் இருப்பவர் திரும்பி வரமாட்டார். மெலிவதற்கு முன் எடுத்த தன் படம் முகநூலில் சுற்றுவதை எந்த ஆசிரியை விரும்புவார்? ஒருவரின் உடல்நலத் தகவலை 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது. சொல்ல விரும்புகிறவர் தானே வாயால் சொல்லட்டும்.

அப்படிச் சொல்வதற்கு அவர் முதலில் நிலைத்திருக்கவேண்டும். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஆக நடுவாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணித்தார்கள். ஆகவே விளம்பரக் காசின் பெரும்பகுதியை முதல் இரண்டு மாதத்தில், ஏற்கெனவே சேர்ந்தவர் மேல் செலவிடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து வராதவருக்கு அன்றைக்கே ஓர் அழைப்பு எடுங்கள். பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் எடுக்கட்டும். கட்டணத்தைப் பற்றிப் பேசவேண்டாம். “முழங்கால் எப்படி இருக்கு அக்கா? நாளைக்கு வாங்கோ, கதிரையில் இருந்தே செய்யிறதைக் காட்டுறன்” என்றால் போதும்.